முகத்துவாரம் அடைத்த லீக்

சென்னையின் எஃப்.சி. தோற்கும் ஒவ்வொரு முறையும் பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் தோணிரேவு டீக்கடையில் ஒரே தீர்ப்புதான். "இது கிரிக்கெட் ஊருப்பா. ஃபுட்பாலுக்கு எவன் வருவான்?" டீக்கடையோடு போயிருந்தால் விட்டுவிடலாம். சென்னையில் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நேரு ஸ்டேடியத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்திய பையன்கள்கூட இன்று இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாந்தவனே தன்னைக் குற்றவாளி என்று நம்பிவிட்ட பிறகு, ஏமாற்றியதைப் பற்றிப் பேச ஆளே இருக்காது.

அவர்கள் வாதத்தைக் குறைக்காமல் வைக்கிறேன். 2014-இல் அபிஷேக் பச்சன், விதா தானி, தோனி என்று பெரிய பெயர்கள் சேர்ந்து கிளப் தொடங்கினார்கள். முதல் ஆண்டே லீக் சுற்றில் முதலிடம். 2015-இல் கோவாவின் சொந்த மைதானத்திலேயே, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து கோப்பை. 2018 மார்ச்சில் பெங்களூருக்குப் போய் பெங்களூரை 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பை. 2020-இல் மறுபடியும் இறுதிப்போட்டி. இவ்வளவு கிடைத்தும் ஊர் கிளப்பைத் தோளில் தூக்கவில்லை. சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு விடியற்காலையிலிருந்து வரிசை நிற்கிறது, பெரியமேட்டில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பணம் போட்டவர்கள் நஷ்டத்தில் நடத்துகிறார்கள். ஆகவே குறை சரக்கில் இல்லை, வாங்குகிறவனிடம்தான் இருக்கிறது. இதுதான் அவர்கள் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒரு இழை கூடத் தாங்காது.

1. தமிழனுக்குக் கால்பந்து ஒட்டாதா?

ஒட்டாமலா இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட கடைசி கோல் ஒரு தமிழர் காலிலிருந்து போனது? 1960, ரோம், பெருவுக்கு எதிரான ஆட்டம். அடித்தவர் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குப் போகவே இல்லை.

பழங்கதை வேண்டாம் என்பார்கள். சரி, இன்றைய கதைக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் டியூரண்ட் கோப்பை கொல்கத்தா டெர்பி. நாலரை வருடமாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்கால், ஒரே ஒரு கோலில் ஜெயித்தது. அடித்தவர் நந்தகுமார் சேகர், வியாசர்பாடிப் பையன். கொல்கத்தாவில் பாதி ஊர் அவரைத் தலையில் வைத்து ஆடியது. வியாசர்பாடியிலிருந்து நேரு ஸ்டேடியம் எவ்வளவு தூரம்? ஒரு பேருந்து மாறும் தூரம்கூட இல்லை. அந்த ஊர்ப் பையன் கொண்டாடப்படுவதற்கு ஹூக்ளிக் கரைக்குப் போக வேண்டியிருந்தது என்றால், அது ரசிகன் செய்த குற்றமா?

கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை. எங்களைப் போலவே கடலை நம்பிய ஊர்கள். அங்கே கால்பந்து திருவிழாவுக்கு அடுத்தபடி. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அங்கிருந்து சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று போய் இந்தியச் சட்டையும் போட்டார்.

பெண்கள் கதை இன்னும் பெரிது. 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வீழ்த்துவது என்றால் என்னவென்று ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2023-இல் ஹரியானாவை வென்று மறுபடி சாம்பியன். நடுவில் 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் வேலையும் பார்த்தார். இத்தனையும் எந்த மண்ணில் விளைந்தது?

எங்கள் ஊரைச் சொல்கிறேன். கோடையில் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும் வெடித்த சேற்றுத் தரை கெட்டியாகும். பழைய வலைக்கம்பு நாலு, இரண்டு பக்கமும் ஊன்றினால் கோல். செருப்பு கிடையாது. சேற்றுக்குள் சிப்பி ஓடு கிடக்கும், பிளேடு மாதிரி குதிகாலைக் கிழிக்கும். அதனால் எங்கள் பையன்கள் பந்தைத் தரையோடு உருட்ட மாட்டார்கள். பாதத்தின் மேல்பக்கத்தில் ஏந்தி, முழங்கால் உயரத்திலேயே தட்டித் தட்டிக் கொண்டு போவார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் இறால் ஏலம் முடிந்ததும் வந்து நின்று பார்க்கிற பெண்கள், யார் கள்ள ஆட்டம் ஆடினான் என்று கரையிலிருந்தே தீர்ப்புச் சொல்வார்கள். இந்த ஊருக்குக் கால்பந்து ஒட்டாது என்று சொல்கிறவர், ஒரு நாள் சித்திரை மாதத்தில் வந்து நிற்க வேண்டும்.

2. ஜெயித்தால் வருவான், தோற்றால் ஓடிவிடுவானா?

இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரே ஒரு வருடத்தை எடுத்து வைத்தால் போதும். 2018-19.

அந்த சீசனில் நடப்பு சாம்பியனான சென்னையின் எஃப்.சி., இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டியலில் பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. அதே சீசனில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன். கடைசி நாள்வரை இழுபறி. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளியோடு, ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னால் தள்ளினார்கள். ஒரே மாநிலத்தில், ஒரே பருவத்தில், ஒரு கிளப் அடிமட்டத்தில், இன்னொன்று உச்சியில்.

இப்போது கேள்வி. அடிமட்டத்தில் இருந்த கிளப்புக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடமும் அதே லீக்கில்தான். உச்சியில் இருந்த கிளப் மேலே ஏறியதா? ஏறவில்லை. ஏறப் படியே வைக்கப்படவில்லை. ஆசியப் போட்டிக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான். அந்த சீசனில் 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி அடுத்த வருடமே ஜப்பானுக்குப் போய்விட்டார். சில வருடங்களுக்குள் சென்னை சிட்டி என்ற பெயரே தேசிய லீக்குகளிலிருந்து மறைந்தது.

சென்னை சிட்டி செத்ததையே ஆதாரமாகக் காட்டி, "பாத்தியா, சாம்பியன் ஆனாலும் தமிழ்நாட்டுல ஓடல" என்கிறவர்கள் உண்டு. அந்த கிளப் சென்னையை விட்டுக் கோவைக்குப் போனது, பணமும் நிர்வாகமும் தனிக்கதை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் படிப்பில் மாநில முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு "உனக்கு மேல் வகுப்பு கிடையாது, இங்கேயே உட்கார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடம் கழித்து "பார், அது படிப்பை விட்டுவிட்டது" என்று காட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

ரசிகன் தோல்விக்காக ஓடவில்லை. தோல்விக்கு அர்த்தம் இல்லாமல் போனதற்காகத்தான் ஓடினான். 2020-21, 2021-22, 2022-23, மூன்று சீசன் தொடர்ந்து எட்டாவது இடம். 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது. கீழே இறங்கும் அபாயம் உள்ள லீக்காக இருந்தால், அந்தப் பதினோராவது இடத்தில் கடைசி ஐந்து ஆட்டத்துக்கும் ஊரே திரண்டிருக்கும். இங்கிலாந்தில் பட்டம் கைவிட்டுப் போன அணியின் மைதானத்தில்கூட, கீழே விழாமல் இருக்க நடக்கும் சண்டைக்கு உட்கார இடம் இருக்காது. இங்கே பதினோராவது இடமும் ஏழாவது இடமும் ஒன்றாகத்தான் இருந்தன. எதுவும் போகாத, எதுவும் வராத ஆட்டத்துக்குத் தொண்டையைக் கொடு என்று ஒரு மனிதனிடம் எத்தனை வருடம் கேட்பீர்கள்?

இது நானாகக் கண்டுபிடித்த குறை அல்ல. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட திட்டத்திலேயே இருக்கிறது: 2022-23 முடிவில் ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே வழி, 2024-25-இல் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் முழுமையாக. ஏறும் வழி பாதி திறந்தது. பஞ்சாப் வந்தது, முகமதன் ஸ்போர்ட்டிங் வந்தது. இறங்கும் வழி அந்த 2024-25-இலும் திறக்கவில்லை. சென்னை சிட்டிக்கு அந்தப் பாதித் திறப்பும் காலம் கடந்து வந்தது.

3. மூடி வைத்தால்தான் முதலீட்டுக்குப் பாதுகாப்பா?

எதிர்க்கட்சியின் பலமான வாதம் இதுதான், அதனால் நின்று பேசுகிறேன். கீழே விழும் பயம் இருந்தால் எந்தப் பணக்காரன் பணம் போடுவான், ஸ்பான்சர் ஓடிவிடுவான், கிளப் மூடப்படும் என்கிறார்கள்.

மூடி வைத்த லீக் யாரைக் காப்பாற்றியது? 2010 டிசம்பரில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 15 வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு வணிக உரிமையை எழுதிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் ஐ.எஸ்.எல். கட்டப்பட்டது. 2025 டிசம்பர் 8-இல் அது முடிகிறது என்பது பதினைந்து வருடமாக எல்லோருக்கும் தெரிந்த தேதி. ஆனால் அந்த ஜூலையில், புதிய ஒப்பந்தம் இல்லாததால் சீசனை நிறுத்தி வைப்பதாக நடத்துகிறவர்கள் அறிவித்தார்கள். ஆகஸ்டில் கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. அதில் சென்னையின் எஃப்.சி.யும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உரிமைக்கு ஏலம் விட்டபோது ஒருவரும் கேட்க வரவில்லை. கடைசியில் அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரியில், 14 அணிகளோடு, 91 ஆட்டமாகச் சுருக்கிய ஒரு சீசன். யாரும் கீழே விழாத லீக் மொத்தமாக விழுந்து எழுந்தது. பாதுகாப்பு என்று சொன்னது இதைத்தானா?

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. பாட்டு உரிமை இல்லாதவன் அந்த நல்ல இடங்களில் இறால் பிடிக்க முடியாது. அதுவும் மூடிய முறைதான், அதனால்தான் யாருக்குப் பாடு, யாருக்கு இல்லை என்று இன்றுவரை ஏரிக்குள் வழக்கு ஓயவில்லை. ஆனால் அந்த மூடிய முறைக்குள்ளும் ஒரு நீதி இருக்கிறது. இன்று எனக்கு நல்ல இடம் விழுந்தால் அடுத்த முறை இன்னொருவனுக்கு விட்டாக வேண்டும். பணம் கட்டிவிட்டேன், இந்த இடம் எனக்கே என்று ஒருவனும் கம்பு ஊன்றி உட்கார முடியாது. ஐ.எஸ்.எல்.-இல் அப்படிக் கம்பு ஊன்றி உட்காரத்தான் விட்டார்கள்.

இன்னொன்றும் ஏரிக்காரர்களுக்குத் தெரியும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரித் தண்ணீர் வெளியே போகாது. தண்ணீர் குறுகும், உப்பேறும். கடலிலிருந்து வர வேண்டிய இறால் குஞ்சு வராது. வலை காலியாக ஏறும். அப்போது "இந்த ஏரியில மீனே கிடையாது, விட்டுட்டுப் போ" என்று யாரும் சொல்வதில்லை. வாயைத் தோண்டு என்றுதான் சொல்வார்கள். அரசாங்கத்துக்குக் காத்திராமல் மீனவர்களே கூடி மணலை வெட்டிய வருடங்கள் உண்டு. லீக்கின் வாய் அடைத்துக் கிடக்கிறது. உள்ளே மீன் இல்லை என்று ஏரியைத் திட்டுகிறார்கள்.

4. ஆஸ்திரேலியாவும் கிரிக்கெட் நாடுதானே?

இந்த உதாரணத்தை அவர்களே இழுத்து வருவதால் நானும் அங்கேயே போகிறேன். அங்கே கிரிக்கெட், ரக்பி, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்று மூன்று மலைகள். நாம் ஆடும் கால்பந்து நாலாவது. 1977-இல் அவர்கள் தொடங்கிய தேசிய லீக்கில் பல கிளப்புகளை நடத்தியது புலம்பெயர்ந்து வந்த மக்கள். சவுத் மெல்போர்ன் கிரேக்கர்களுடையது, மார்க்கோனி இத்தாலியர்களுடையது, மெல்போர்ன் நைட்ஸ் குரோஷியர்களுடையது. சாமி கும்பிட்டு, சமைத்துப் போட்டு, பிள்ளைகளை அழைத்து வந்து வளர்த்த கிளப்புகள். ஹங்கேரியின் புஷ்காஷ் பயிற்சியாளராக இருந்து, ஆங்கே போஸ்டகோக்லு கேப்டனாக நின்று, 1991-இல் பட்டம் வென்றது அந்த சவுத் மெல்போர்ன். "இவர்களை வைத்துக்கொண்டு பெரிய சந்தையைப் பிடிக்க முடியாது" என்று முடிவு கட்டி 2004-இல் அந்த லீக்கையே மூடினார்கள். 2005-இல் எட்டு அணிகளோடு ஏ-லீக். மூடிய லீக். கீழே இறங்குவது கிடையாது.

அதில் நடந்ததைப் பாருங்கள். வெஸ்டர்ன் யுனைடெட் என்று 2019-இல் ஒரு புது அணி நுழைந்தது. சொந்த மைதானம் கட்டுவோம் என்ற வாக்குறுதிதான் அதன் அடித்தளம். சொன்ன பெரிய மைதானம் வரவில்லை, அணி ஊர் ஊராக அலைந்தது. 2022-இல் சாம்பியன் ஆனது. மூன்றே வருடத்தில், 2025-இல், உரிமம் பிரச்சினையாகி அடுத்த சீசனில் ஆடவே இல்லை. சாம்பியன் பட்டம் கூட ஊர் இல்லாத கிளப்பைக் காப்பாற்றவில்லை.

அதே லீக்கில் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ். சிட்னிக்கு வடக்கே கடலோரம், காஸ்ஃபோர்ட் என்ற சின்ன ஊர். பெருநகரம் கிடையாது, பெரும்பணம் கிடையாது. தன் பையன்களைத் தானே வளர்த்தது. கராங் குவோல் என்ற பதின்வயதுப் பையனை இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு விற்றது. 2023 இறுதிப்போட்டியில் பணக்கார மெல்போர்ன் சிட்டியை 6-1 என்று அடித்தது. 2024-இல் மறுபடி சாம்பியன், அதே வருடம் ஏ.எஃப்.சி. கோப்பையும். பெரிய ஊர், பெரிய பெயர், பெரிய பணம் என்று நம் ஆட்கள் ஜபிக்கிற மூன்றும் அங்கே இல்லை. கடல் இருந்தது, பையன்கள் இருந்தார்கள்.

இருபது வருடம் கழித்து, 2025 அக்டோபரில், அந்தப் பழைய சமூகக் கிளப்புகளுக்காக ஒரு தேசியப் போட்டியை ஆஸ்திரேலியா தொடங்கியிருக்கிறது. சவுத் மெல்போர்ன், மார்க்கோனி எல்லாம் மறுபடி உள்ளே. வெளியே தள்ளியது தப்பு என்று அவர்களே திரும்பி வருகிறார்கள். நாம் அவர்களுடைய 2005-ஐக் காப்பி அடித்தோம். 2025-ஐயும் பார்க்க வேண்டாமா?

5. கோச்சை மாற்றினால் சரியாகிவிடுமா?

இதில் அதிக நேரம் செலவிட மாட்டேன். மட்டராசி வந்தார், கிரகரி வந்தார், காய்ல் வந்தார், போனார், மறுபடியும் வந்தார், மறுபடியும் போனார். பட்டம் கொடுத்த அதே கிரகரியின் கையில்தான் அடுத்த சீசன் அணி கடைசி இடத்துக்கும் போனது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் வந்தால் விடியும் என்று பேசுகிறோம். அடித்தளத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை ஆள் மாற்றுகிற கேள்வியாகச் சுருக்கிக்கொள்வது நமக்கே நாம் செய்துகொள்ளும் கேடு.

ரசிகன் எதையும் மாற்ற முடியாது என்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 2020-இல் ஐ.எஸ்.எல். கிளப்பான ஏ.டி.கே.யையும் மோகன் பகானையும் இணைத்தபோது, 1889-இல் பிறந்த கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒரு வியாபாரப் பெயர் ஒட்டியது. ரசிகர்கள் மூன்று வருடம் விடாமல் எதிர்த்தார்கள். 2023-இல் அந்தப் பெயர் எடுக்கப்பட்டது. கேட்டார்கள், கிடைத்தது. நம் ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர் மச்சான்ஸும் அந்தத் தொண்டையைக் கோச்சைத் திட்டுவதற்கு மட்டும் செலவழிக்க வேண்டாம். இறங்கும் வழி எப்போது, வியாசர்பாடியிலிருந்தும் தூத்தூரிலிருந்தும் எத்தனை பேர் அணியில், இந்த இரண்டைக் கேட்கட்டும்.

6. வர நினைக்கிறவன் எப்படியும் வந்துவிடுவானா?

வந்தோம். தோணிரேவிலிருந்து ஏழு பேர், ஒரு புதன்கிழமை. மத்தியானமே வலையை உதறிப் போட்டுவிட்டுக் கிளம்பி, பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் மாறி, சென்ட்ரலில் இறங்கிப் பெரியமேட்டுக்கு நடை. ஏழரைக்கு ஆட்டம். தொலைக்காட்சிக்குத் தோதான நேரம் அது. முடிய ஒன்பதரை தாண்டியது. 2-0 தோல்வி. ஓடிப்போய்க் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கியபோது ஊருக்குப் பஸ் இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே படியில் உட்கார்ந்தோம். நள்ளிரவுக்குப் பிறகு, காசிமேட்டில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய மீன்வண்டி ஒன்று நின்றது. ஐஸ் உருகிய தண்ணீரில் கால் நனைய, பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம். விடிந்தால் ஐந்து பேருக்கு வலை.

கூட்டத்தில் சின்னவன், பதினாலு வயது, நீலச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி நனையாமல் பனியனுக்குள் வைத்திருந்தான். ஆண்டார்மடம் தாண்டும்போது கேட்டான்: "அடுத்த மேட்ச் எப்பண்ணே?"

செல்லில் தேதி பார்த்துச் சொன்னேன். அதுவும் வேலை நாள்தான். ஏழரை மணி.